செகண்ட் லைஃப் மாதிரியான மெய்நிகர் உலகத்தில் நடக்கும் கலை, ஆன்மிகக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறீர்களா? அதெல்லாம் நிஜமான கூட்டம்தானா?

போயிருக்கிறேன், இப்போதும் போகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. பகலில் கோயம்புத்தூரில் வேலை, ராத்திரி சாப்பாடு ஆனதும் செகண்ட் லைஃப். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில் இதுதான்: தியானம் நிஜமாகவே கூடிவருகிறது, கலை நேரில் முடியாததைக்கூடச் செய்கிறது, பூஜை மட்டும் எடுபடுவதில்லை.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக: சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் 2003 ஜூனில் திறந்துவிட்ட முப்பரிமாண உலகம் இது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஜெயிப்பதற்கு ஒன்றும் கிடையாது. நமக்கென்று ஒரு அவதார், அதாவது திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் பொம்மை உருவம். நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக இருக்கும். அதன்மேல் நிற்கும் வீடு, மரம், கோயில் அனேகமாக எல்லாமே அங்கே வந்துபோகிறவர்கள் கட்டியவை. புழங்குகிற காசு லிண்டன் டாலர்.

இதில் ஒரு சின்ன விதி உண்டு. சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். கத்தினால் 100 மீட்டர். அங்கே நடப்பது கூட்டமா இல்லையா என்பதற்கு எனக்கு இந்த விதியே போதும். வாட்ஸப் குழுவில் இருநூறு பேர் இருந்தாலும் யாருக்கும் யாரும் பக்கத்தில் இல்லை. இங்கே ஒருவரிடம் பேச அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். யாருக்குப் பக்கத்தில் உட்காருவது, ரொம்ப நெருங்கிவிட்டோமோ என்ற கூச்சம்கூட வருகிறது. பொம்மைக்கு எதற்குக் கூச்சம் என்று சிரிப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

நான் அதிகம் போவது பௌத்தத் தியான மண்டபங்களுக்கு. வட்டமாகத் திண்டுகள் போட்டிருக்கும். ஒன்றைச் சொடுக்கினால் அவதார் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். நடத்துகிறவர் நாலு வரி சொல்லிவிட்டு மணி அடிப்பார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. நாற்காலியில் நான், திரையில் அவர்கள். கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தொடாமல் இருந்தால் 'ஆளில்லை' என்று எடுத்துக்கொண்டு அவதார் தானாகவே தலையைத் தொங்கவிடும். புதிதாக வருகிறவர்களின் தலை ஒவ்வொன்றாகச் சரியும்போது யார் யார் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தலை நிமிர்ந்தே இருந்தால் ஆசாமி மவுஸை நோண்டிக்கொண்டிருக்கிறார். எந்த ஆசிரமத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பிடிபடாது! அமைப்பில் மாற்றி வைக்காவிட்டால் அரை மணி நேரத்தில் மென்பொருளே நம்மை வெளியே தள்ளிவிடும். தியானத்தில் ஆழ்ந்ததற்குத் தண்டனை.

முடிவு மணி அடித்ததும் அவரவர் கைகூப்புவதாகத் தட்டச்சு செய்வார்கள். பிறகு பத்து நிமிடம் வீட்டுக் கதை: ஒருவர் இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ், ஒருவர் சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர். வழக்கமாக வருகிறவர் ஒரு வாரம் வராவிட்டால் விசாரிக்கிறார்கள். எங்கள் தெருவில் இப்போது அவ்வளவு விசாரிப்பு இல்லை.

கலைக்கு வருகிறேன். அங்கே ஆல்ட் விசையை அழுத்தி மவுஸை நகர்த்தினால் அவதார் நின்ற இடத்திலேயே நிற்கும், கண் மட்டும் கிளம்பிப் போகும். ஒரு சிலையின் காதுக்குள் நுழைந்து, உள்ளே சிற்பி எழுதிவைத்திருக்கும் வரியைப் படித்துவிட்டு வரலாம். இன்னொரு விசேஷம், சூரியன் ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் நண்பகல் வைத்திருப்பார், மற்றவர் நள்ளிரவு. அதனால்தான் பல கலைஞர்கள் வாசலிலேயே 'என் வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள்' என்று குறிப்பு வைக்கிறார்கள். கல்லிலும் மரத்திலும் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, இந்த வாய்ப்பும் கிடையாது. 2010 முதல் 2019 வரை லிண்டன் லேபே கலைஞர்களுக்கு இலவசமாக நிலம் கொடுத்து ஒரு திட்டம் நடத்தியது. அது நின்றபிறகு கலை நிற்கவில்லை, வாடகை கொடுக்க முடிந்தவர்களிடம் போய்விட்டது.

பாட்டுக் கச்சேரியும் உண்டு. அமெரிக்கப் பாடகி சூசன் வேகா 2006 ஆகஸ்டிலேயே அங்கே பாடியிருக்கிறார். ஒரு சதுரத்துக்குள் குறிப்பிட்ட அளவு ஆட்களுக்குமேல் விடாது என்பதால், நாலு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் மேடை போட்டு நாலு பக்கமும் ஆளை நிறுத்துவார்கள். ஒலி வந்துசேரத் தாமதமாவதால் பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாடகருக்குக் கைதட்டல் தெரியும். பாவம்.

'பத்து பேர்கூட இல்லாத இடத்தில் என்ன கலை' என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தைக் காட்டுவேன். பகவதி கோயில்களில் 42 அடிக் கூத்துமாடம், 21 விளக்கு, திரைக்குப் பின்னால் புலவர்கள் ராத்திரி முழுக்கக் கம்பன் பாட்டைச் சொல்லி ராமாயணம் நடத்துவார்கள். எதிரே பல ராத்திரிகளில் ஒரு ஆள் இருக்காது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பத்ரகாளிக்காக நடக்கிற கூத்து அது. அவள் பார்த்தால் போதும்.

பூஜை விஷயத்தில் என்னைவிட எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) தெளிவு அதிகம். செகண்ட் லைஃபில் ஒரு சிவன் கோயிலைக் காட்டினேன். விளக்கைச் சொடுக்கினால் எரியும், மணியைச் சொடுக்கினால் ஒலிக்கும், பூ தூவினால் திரையில் மினுக்கும். நன்றாகப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, துண்ணூறு குடுப்பாங்களா?" என்றார். திருநீறெல்லாம் இல்லை என்றேன். "அப்பறம் எதுக்குப் போறே?" அவ்வளவுதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வர வேண்டியது அங்கே வராது.

மற்ற மதத்தவர்கள் இந்த எல்லையைப் புரிந்துகொண்டு நடத்துகிறார்கள். 2007-இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் பேராலயத்தில் ஜெபமும் வாசிப்பும்தான், அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை இல்லை. அதே 2007-இல் இஸ்லாம் ஆன்லைன் என்ற இணையதளம் அமைத்த மெய்நிகர் ஹஜ், மக்காவுக்குப் போகவிருப்பவர்கள் சடங்குகளை முன்கூட்டிப் பழகிக்கொள்ள. நம் ஆட்கள்தான் கோபுரத்தை அச்சு அசலாகக் கட்டி, உள்ளே ஆளில்லாமல் விட்டுவிடுகிறார்கள். பஜனைக்கோ தேவாரத்துக்கோ நாலு பேரை வாரம் ஒருமுறை உட்காரவைத்தால் அந்தக் கோயிலுக்கு உயிர் வரும் என்று நினைக்கிறேன்.

எங்கே கூட்டமோ அங்கே கலாட்டாவும் உண்டு. செகண்ட் லைஃபுக்கு வெளியே 2004-இல் பிரிட்டனில் மெதடிஸ்ட் சபையின் ஆதரவோடு நடந்த 'சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்' என்ற முப்பரிமாண தேவாலயத்தில் பிரசங்க மேடைமேல் ஏறிக் கெட்டவார்த்தை கத்தினார்கள். அத்தகையவர்களை வெளியேற்றக் காவலர்களுக்கு ஒரு பொத்தானே கொடுக்கவேண்டி வந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து வாடகை. முழுச் சதுரம் ஒன்றுக்கு மாதம் 200 டாலருக்குமேல். நடத்துகிறவர் கட்டாமல் விட்டால் கோயிலோ கூடமோ தூண் தூணாகக் கழன்று, கட்டியவரின் 'தொலைந்து கிடைத்தவை' பெட்டிக்குப் போய்விடும். நான் பழகிய ஒரு மண்டபம் அப்படித்தான் போனது. ஆட்கள் வேறொரு மண்டபத்துக்கு மாறி அதே நேரத்துக்கு வந்தார்கள்.

போக நினைத்தால் மூன்று விஷயம். மடிக்கணினியில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லோரும் சாம்பல் நிறப் பொம்மையாகவே நிற்பார்கள். முதல் நாளே காசு போடாதீர்கள், கணக்கு இலவசம். நேரம் எல்லாம் கலிபோர்னியா கணக்கு: அங்கே பகல் 12 என்று போட்டிருந்தால் கோடையில் நமக்கு நள்ளிரவு 12:30, குளிர்காலத்தில் 1:30. வேலைக்குப் போகிறவர்கள் அங்கத்து மாலை 7 மணி நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். கோடையில் அது நமக்குக் காலை 7:30, ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஒன்று பார்த்துவிடலாம்.