கிராமத்துக்கு யார் போவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஒரு செவிலியர் கல்லூரியில் விரிவுரையாளர். இறுதியாண்டு வகுப்பில், "படிப்பு முடிந்ததும் கிராமத்தில் வேலை பார்க்க யாருக்கு விருப்பம்?" என்று கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. நகரத்துப் பெரிய மருத்துவமனை, இல்லாவிட்டால் வெளிநாடு என்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குச் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதா? சம்பளத்தைக் கூட்டினால் போவார்களா? செல்போன்தான் கெடுக்கிறதா? வகுப்பில் என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செல்போனை விட்டுவிடுங்கள், பாவம். சம்பளம் முக்கியம்தான், ஆனால் அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. சேவை மனப்பான்மை பற்றிக் கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

என் அத்தை கிராமச் செவிலியராக இருந்தவர். குடியிருப்பின் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ராத்திரி இரும்புப் பெட்டியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். பிரசவத்துக்கு யாராவது வந்து தட்டினால் மறுபடி பெட்டியை நகர்த்த வேண்டும். பலமுறை எழுதிக் கேட்டார். அதிகாரி ஒருவர் வந்து மேடையில் அவருடைய தியாகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார். தாழ்ப்பாள் வரவேயில்லை. உங்கள் மாணவிகளுக்கு இதெல்லாம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிராமங்களில் இருக்க, செவிலியர்களில் 38 சதவீதம் பேர்தான் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் 2010இல் சில பரிந்துரைகளை வெளியிட்டது. கிராமப் பின்னணி உள்ளவர்களைப் படிப்பில் சேருங்கள், கல்லூரிகளைப் பெருநகரங்களுக்கு வெளியே வையுங்கள், பயிற்சியில் கிராமத்தைச் சேருங்கள், நல்ல வீடும் பாதுகாப்பான பணியிடமும் கொடுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வகுப்பில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களும் கை தூக்கவில்லை என்றால், காரணத்தை அவர்களிடம் தனியாகக் கேட்டிருக்கலாமே.

சரி, கிராமத்தைப் பற்றி நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம்? கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது கிராமப் பயிற்சி என்று மாணவிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறோம். குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள், வீடு வீடாகப் படிவம் நிரப்புவார்கள், சார்ட் மாட்டிப் பேசுவார்கள், பொழுது சாயும் முன் திரும்பிவிடுவார்கள். ஐசியுவில் கற்ற வித்தைக்கு இங்கே வேலையில்லை என்று அந்தப் பெண் முடிவுகட்டாமல் என்ன செய்வாள்?

உண்மை நேர்மாறானது. பிரசவம் முடிந்து உதிரம் நிற்கவில்லை என்று வையுங்கள். பெரிய மருத்துவமனையில் ஒரு குரல் கொடுத்தால் டாக்டர் வருவார், ரத்த வங்கியிலிருந்து ரத்தம் வரும். கிராமத்தில் செவிலியர் அவள் ஒருத்திதான். ஒரு கை கருப்பையைத் தேய்த்துக்கொண்டிருக்க, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கண் கணக்குப் போட வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின் மருந்தை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நேற்று ராத்திரி கரண்ட் எவ்வளவு நேரம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை எப்போது கூப்பிடுவது, கூட யார் போவது, எல்லாம் அவள் முடிவு. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால், அதை அடக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் மருந்தின் முதல் டோஸைப் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தயங்க நேரமில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் ஆளும் இல்லை. இதையா குறைந்த வேலை என்கிறோம்?

1925இல் அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற செவிலியர் குதிரைமேல் செவிலியர்களை அனுப்பினார். அதற்கு முன் அவரே பிரிட்டன் போய் பிரசவம் பார்க்கும் பணியைக் கற்றுக்கொண்டார். அங்கே தேர்ந்த செவிலியர்களையும் வரவழைத்தார். அரைகுறையாகப் படித்தவர்கள் மலைக்குப் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அந்தச் செவிலியர்கள் பார்த்த பிரசவங்களில் தாய் இறப்பு நாட்டின் சராசரியைவிட மிகக் குறைவாக இருந்தது.

அடுத்த போஸ்டிங்கில் படிவக் கட்டை வைத்துவிட்டுப் போங்கள். அனுபவமுள்ள ஒரு செவிலியரோடு மாணவிகள் சில இரவுகள் அங்கேயே தங்கட்டும். எஸ்., நீங்களும் தங்குங்கள். போனதும் முதலில் பின்கதவைப் பாருங்கள்.