தூர்வாரியும் நிறையாத கண்மாய்

கேள்வி: போன கோடையில் ஊரார் பணம் போட்டு எங்கள் கண்மாயைத் தூர்வாரினோம். பத்து நாள் பொக்லைன் ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழைதான். ஆனாலும் கால்வாசிகூட நிறையவில்லை; மடையைத் திறந்தும் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அந்தப் பத்து நாளும் பொக்லைன் கண்மாய்க்குள்ளேதான் நின்றிருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது, சரிதானா? முப்பது வருடம் இந்த வேலை பார்த்த தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் மடை. அதன் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறு ஊறும், அவ்வளவுதான். வண்டலைத் தாண்டி அடிக் களிமண்ணையும் கிழித்திருந்தால் அதுவும் நிற்காது, கீழே இறங்கிவிடும்.

நிறையாததற்குக் காரணம் வேறு. நம் பக்கம் கண்மாய்கள் சங்கிலியாகக் கிடக்கின்றன. மேல் கண்மாய் பெருகி, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கில் மறுகால் பாய்ந்தால்தான் உங்களுக்கு வரத்து. ஒருமுறை ஒரு வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். அதற்கு மேல் கால்வாயே இல்லை. காவலாளி கேட்டார்: "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா சார்?"

ஆக்கிரமிப்பு என்று ஒரே வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. முன்பு குடிமராமத்து என்று கண்மாயையும் காலையும் செப்பனிட வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போனார்கள். எல்லோரும் ஆசையாகப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். வராதவர்களை வரவைக்க 1858-லேயே வெள்ளைக்காரர்கள் சட்டம் போட்டார்கள். மடை திறக்க நீர்க்கட்டி இருந்தார். களத்தில் அளக்கும் நெல்தான் அவருக்குக் கூலி. அப்புறம் பம்புசெட் வந்தது. கிணறு வைத்திருப்பவர் கண்மாயை எதிர்பார்க்கவில்லை; மண்வெட்டியும் எடுக்கவில்லை, நெல்லும் அளக்கவில்லை. வரத்துக்கால் தூர்ந்தது, சீமைக்கருவேலம் மண்டியது. கண்மாய் காய்ந்த பிறகு கிணற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அதற்கு ஊற்றே கண்மாய்தானே! 2017-ல் அரசு அதே குடிமராமத்துப் பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்ததுபோல் நீர்க்கட்டி திரும்பி வரவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு நடந்து பாருங்கள். மேல் கண்மாயின் கலுங்கு வரை போங்கள். கலுங்குக் கற்களுக்கு இடையில் களிமண்ணும் வைக்கோலும் அடைத்திருந்தால், அந்த ஊர்க்காரர்கள் கூடுதலாகத் தேக்குகிறார்கள் என்று அர்த்தம். ராத்திரியில் போய்ப் பிடுங்கிவிடாதீர்கள், கேஸாகிவிடும். பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பகலில் போய்ப் பேசுங்கள். ஆடிக்கு முன்னாலேயே போங்கள். மழை இறங்கிவிட்டால் அங்கே யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.