லைன் அறுந்தாலும் வேலை ஓட வேண்டும்: டீமக்ஸ் கேள்வி பதில்

தூரத்து சர்வரில் எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை இடும் வழி) வழியாக வேலை செய்பவர்கள், இணைப்பு அறுந்தாலும் வேலையைக் காப்பாற்றும் டீமக்ஸ் என்ற நிரலை ஒட்டி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, வாடகை சர்வரில் ஐந்து மணி நேரம் ஓட வேண்டிய பைத்தான் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு லேப்டாப்பை மூடினேன். காலையில் பார்த்தால் பாதியில் செத்துக் கிடக்கிறது. வேலை நடப்பது சர்வரில்தானே?

சர்வரில்தான், தம்பி. ஆனால் நீங்கள் லாகின் செய்தபோது கிடைத்த டெர்மினலோடு, அதாவது கட்டளை தட்டும் திரையோடு, அது கட்டப்பட்டிருக்கிறது. இணைப்பு அறுந்தால் அந்த டெர்மினல் மூடப்படும். அப்போது அதில் ஓடும் நிரல்களுக்கு 'சிக்ஹப்' என்றொரு சிக்னல் போகும். ஹப் என்பது ஹேங்கப், அதாவது போனை வைத்துவிடுவது. மோடத்தில் டயல் செய்து வேலை பார்த்த காலத்து ஏற்பாடு இது. போனை வைத்துவிட்டுப் போனவரின் நிரல்கள் கணினியை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாதல்லவா?

டீமக்ஸ் என்ன செய்கிறதென்றால், சர்வருக்குள்ளேயே தனியாக ஒரு டெர்மினலை உண்டாக்கி அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. உங்கள் எஸ்எஸ்ஹெச் அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னல் சாத்திக்கொண்டாலும் உள்ளே அடுப்பு எரியும்.

மேனுவலைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. குறைந்தபட்சம் எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

நான்கு விஷயம். முதலில் எஸ்எஸ்ஹெச் போட்டு சர்வருக்குள் போங்கள். அங்கே போன பிறகுதான் டீமக்ஸ். லேப்டாப்பில் டீமக்ஸைத் திறந்து அதற்குள் எஸ்எஸ்ஹெச் போடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் பயனே இல்லை, அறுவது அதே லைன்தான்.

உள்ளே போய் 'டீமக்ஸ் நியூ மைனஸ் எஸ்', பிறகு ஒரு பெயர். கீழே பச்சைப் பட்டை வந்தால் சரி. ஸ்கிரிப்டை ஓடவிட்டு, வெளியே வர கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்புறம் தனியாக டி (ஆங்கில d). மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு "வேலை செய்யவில்லையே" என்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். திரும்பி வந்ததும் 'டீமக்ஸ் எல்எஸ்' போட்டால் ஓடும் அமர்வுகளின் (டீமக்ஸில் நீங்கள் பெயரிட்டுத் திறந்தவை) பட்டியல் வரும். 'டீமக்ஸ் அட்டாச் மைனஸ் டி' (இந்த டி ஆங்கில t) என்று பெயரைச் சேர்த்தால் விட்ட இடத்திலேயே நிற்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: வெளியே வருவதாக நினைத்து 'எக்ஸிட்' என்று அடிக்காதீர்கள். அது கிளம்புவது ஆகாது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லே முடிந்துவிடும், டீமக்ஸுக்குள் ஒரே ஜன்னல்தான் திறந்திருக்கிறது என்றால் அமர்வும் காலி.

நான் டீமக்ஸுக்கு முந்தைய 'ஸ்கிரீன்' நிரல் காலத்து ஆள். கை பழகிவிட்டது. மாறித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம் சார். ஸ்கிரீன் 1987-இல் வந்தது, இந்த வேலையை இன்றும் ஒழுங்காகவே செய்கிறது. டீமக்ஸ் 2007-இல் வந்த இளையது. ஒரே சிக்கல், ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-லிருந்து ஸ்கிரீனை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட சர்வர் கையில் வந்தால் டீமக்ஸ்தான் இருக்கும். ஸ்கிரீனில் பழகிய கன்ட்ரோல்-ஏ-வை உங்கள் விரல் தேடினால் டீமக்ஸ் அமைப்புக் கோப்பில் கன்ட்ரோல்-பி-க்குப் பதிலாக அதையே முன்விசையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வரியின் தொடக்கத்துக்குப் போக பாஷ் என்ற ஷெல்லில் அதே விசைதான் என்பதால் நான் மாற்றவில்லை.

'சிக்ஹப்' சிக்னலைக் கண்டுகொள்ளாமல் நிரலை ஓடவைக்கும் நோஹப் கட்டளை போதாதா?

ஒரே ஒரு கட்டளை, இடையில் கேள்வி எதுவும் கேட்காது, வெளியீடு கோப்புக்குப் போனால் போதும் என்றால் தாராளமாகப் போதும். நடுவில் 'ஆமா, இல்லையா' என்று கேட்கும் நிரலுக்கு ஆகாது.

டீமக்ஸ் போடாமலேயே ஆரம்பித்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடிவிட்டது, இப்போது வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்!

முதலில் அந்த ஜன்னலை மூடாதீர்கள். கன்ட்ரோல்-இசட் போட்டு நிறுத்துங்கள், 'பிஜி' என்று பின்னணியில் ஓடவிடுங்கள், அப்புறம் 'டிஸ்ஓன்'. பாஷ் அதன்மீது வைத்திருக்கும் பிடியை விட்டுவிடும். இதோடு முடிந்தது என்று பலர் சொல்வார்கள். ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் திரையில் எதையாவது அச்சிட்டுக்கொண்டே இருந்தால், டெர்மினல் போன பிறகு எழுத இடமில்லாமல் பிழை அடித்து விழுந்துவிடக்கூடும்.

அதனால் ரெப்டைர் என்ற சிறு கருவியை நிறுவி, டீமக்ஸுக்குள் போய், 'ரெப்டைர்' என்று அடித்து உங்கள் நிரலின் செயல் எண்ணைக் கொடுங்கள். ஓடும் நிரலைப் பிடுங்கி புது டெர்மினலில் நட்டுவிடும். உபுண்டுவில் "அனுமதி இல்லை" என்று வந்தால் ஒரு நிரல் இன்னொன்றைப் பிடிப்பதைத் தடுக்கும் பி-டிரேஸ் கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது என்று பொருள். அதைத் தற்காலிகமாகத் தளர்த்த ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும்.

டீமக்ஸுக்குள் மேலே உருட்ட முடியவில்லை. தமிழ்க் கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் அடிக்கோடுகள்.

உருட்ட கன்ட்ரோல்-பி, பிறகு இடது சதுர அடைப்புக்குறி. முடித்ததும் க்யூ. மவுஸ் வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் 'செட் மைனஸ் ஜி மவுஸ் ஆன்' என்று ஒரு வரி. மேலே போனவற்றில் 2000 வரிகளைத்தான் இயல்பாக நினைவில் வைக்கும். 'ஹிஸ்டரி லிமிட்' அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அது அதன்பின் திறக்கும் ஜன்னல்களுக்குத்தான் செல்லும்.

அடிக்கோடு விவகாரம்: உங்கள் டெர்மினலுக்கு யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் முறை) தெரியாது என்று டீமக்ஸ் நினைத்துக்கொள்கிறது. 'டீமக்ஸ் மைனஸ் யூ' என்று திறந்து பாருங்கள், தமிழ் வந்துவிடும். நிரந்தரத் தீர்வு சர்வரின் லோக்கேலை (மொழி, எழுத்து அமைப்பை) சரிசெய்வது. கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் அது பெரும்பாலும் டெர்மினல் செயலியின் குறை. டீமக்ஸை மட்டும் திட்டாதீர்கள்.

அலுவலகக் கணினியில் திறந்த அமர்வை வீட்டில் இணைத்தால் திரை சுருங்கி, ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

அலுவலகத்தில் இன்னும் ஒரு சிறிய ஜன்னல் இணைந்தே இருக்கிறது. அட்டாச் செய்யும்போது கூடவே ஒரு 'மைனஸ் டி' (இது ஆங்கில d) சேருங்கள், மற்றவர்களைக் கழற்றிவிடும்.

ரயிலில் போகும்போது நெட் விட்டு விட்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே போய் அட்டாச் செய்து சலித்துவிட்டது.

எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதில் மோஷ் பாருங்கள். எம்ஐடியில் உருவாகி 2012-இல் வெளிவந்தது. நெட் போய் வந்தாலும், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். சர்வர் ஃபயர்வாலில் யூடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். பழைய வரிகளை மோஷ் வைத்துக்கொள்ளாது, ஆகவே அதற்குள்ளும் டீமக்ஸ் வேண்டும்.

சர்வரே ரீபூட் ஆனால்?

எல்லாம் போய்விடும். ரெசரெக்ட் என்ற செருகி ஜன்னல் அமைப்பை மீட்டுத் தரும், பாதியில் நின்ற கணக்கை மீட்காது.

இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் இணையதளத்தை 'தற்காலிகமாக' டீமக்ஸ் ஜன்னலில் ஓடவிட்டு மறந்துபோனேன். மாதக்கணக்கில் ஓடியது. ஒரு நாள் இரவு பராமரிப்புக்காக சர்வரை ரீபூட் செய்திருக்கிறார்கள். மறுநாள் பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தபோதுதான் எனக்கே தெரியும். அன்று மதியமே, ரீபூட் ஆனதும் நிரலைத் தானே தொடங்கிவைக்கும் சிஸ்டம்-டி சர்வீஸ் கோப்பு எழுதிப் போட்டேன். மொத்தம் ஒன்பது வரி.