அலுவலக வேலையை விட்டு உணவகத் தொழிலுக்கு: கேள்வி பதில்

நிறுவன வேலையிலிருந்து உணவகத் தொழிலுக்கு மாற நினைப்போர் கேட்ட கேள்விகள் இவை. அதே பாதையில் வந்து இன்று ஒரு சமையலறையின் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். சமைப்பதென்றால் உயிர். வேலையை ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். சமைக்கப் பிடிப்பதும் உணவகச் சமையலறையில் உழைக்கப் பிடிப்பதும் வேறு வேறு. வீட்டில் நான்கு பேருக்கு நிதானமாகச் சமைக்கிறீர்கள். உணவகத்திலோ, கூட்டம் நெரியும் இரண்டு மணி நேரத்தில் ஒரே பண்டத்தை அதே ருசியிலும் அதே அளவிலும் திரும்பத் திரும்பச் செய்து அனுப்ப வேண்டும். ஆகவே, வேலையில் இருந்துகொண்டே, தெரிந்த உணவகம் ஒன்றில் விடுமுறை நாட்களில் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள் உழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கழுவுவதும் உரிப்பதும் நறுக்குவதுமே உங்களுக்குக் கிடைக்கும். ஒரு மூட்டை வெங்காயத்தை நறுக்கி முடித்தபின், கடைசியாக நறுக்கியதும் முதலில் நறுக்கியதைப் போலவே இருக்கிறதா என்று தலைமைச் செஃப் கையில் அள்ளிப் பார்ப்பார். ஏனெனில், அளவு மாறினால் சிறிய துண்டு கருகும், பெரிய துண்டு வேகாது. சூடான வாணலியை உலர்ந்த துணியால் மட்டுமே பிடிக்க வேண்டும், ஈரத் துணி வழியே சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும் என்பது போன்றவையும் அங்கேதான் பழக்கமாகும். இத்தனைக்குப் பிறகும் அடுத்த விடுமுறை எப்போது வரும் என்று மனம் ஏங்கினால், அப்போது ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: சமையற்கலைப் பட்டயம் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் தவிர்க்காதீர்கள். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், சமைத்த உணவை ஒன்று அதற்கு மேல் சூடாகவோ, இல்லையேல் விரைவில் குளிரவைத்தோ வைக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய சமையலறைகளில் இன்றும் காணப்படும் படிநிலை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு செஃப் ஒகுஸ்த் எஸ்கோஃபியே ஒழுங்குபடுத்திய முறையைத் தழுவியது. அதில் வயதுக்குச் சலுகை கிடையாது. உங்களைவிடப் பத்து வயது இளையவர் சொல்வதைத் தயங்காமல் கேட்டு நடக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் கணக்காளர். சொந்தமாக உணவகம் திறக்க ஆசை. பத்தில் ஒன்பது உணவகங்கள் முதல் ஆண்டிலேயே மூடப்படுகின்றன என்கிறார்களே?

பதில்: அது மிகைப்படுத்தல். அமெரிக்காவின் கொலம்பஸ் நகர உணவகங்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வின்படி, முதல் ஆண்டில் மூடப்பட்டவை ஏறத்தாழ 26 விழுக்காடு. மூன்று ஆண்டுகளில் அது 60 விழுக்காட்டை நெருங்கியது. அச்சம் தேவையில்லை, ஆனால் கவனம் தேவை. நல்ல சமையல்காரர்களும் சறுக்கும் இடம் அடக்கவிலைதான். ஒரு கிலோ இறைச்சி வாங்கிச் சுத்தம் செய்தபின் 800 கிராம் மிஞ்சினால், உங்கள் உண்மையான அடக்கவிலை வாங்கிய விலையைவிட 25 விழுக்காடு கூடுதல். இந்தக் கணக்கை ஒவ்வொரு பொருளுக்கும் போட்ட பிறகே விலைப்பட்டியல் எழுதுங்கள். மூலப்பொருளும் ஊதியமும் சேர்ந்து விற்பனையில் 60 முதல் 65 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. மீதியில்தான் வாடகை, எரிபொருள், வரி, கடன் எல்லாம். இதில் உங்களுக்குச் சமையல்காரரைவிடத் தெளிவு அதிகம் இருக்கும்.

கேள்வி: வருமானம் குறையுமே, குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: குறையும், அதுவும் சில ஆண்டுகளுக்கு. குடும்பச் செலவுக்கான சேமிப்பையும் தொழில் முதலீட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். பணத்தைவிடப் பெரிய மாற்றம் நேரத்தில்தான் வரும்: பிறர் கூடி உண்ணும் மாலைகளும் பண்டிகைகளும் உங்களுக்கு வேலை நாட்கள். இதை வாழ்க்கைத் துணையிடம் மூடி மறைக்காமல் பேசி, அவர் மனதார இசைந்த பின்னரே தேதி குறியுங்கள்.

கேள்வி: சமைக்க வராது, ஆனால் இந்தத் தொழில் பிடித்திருக்கிறது. எனக்கு இடம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. கொள்முதல், சரக்கு இருப்பு, பணியாளர் ஷிஃப்ட், வாடிக்கையாளர் கவனிப்பு ஆகியவற்றுக்கு நல்ல ஆட்கள் எப்போதும் தேவை. முதலில் பரிமாறும் பணியில் சேருங்கள். எந்தத் தட்டு பாதி உணவோடு திரும்புகிறது என்பதை அங்கே நின்றால்தான் காண முடியும்.