பறை மந்தமானதும் பிள்ளைகள் ஓடியதும்

கேள்வி: ஜொகூர் பாருவில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பலாய் ராயாவில், அதாவது பொது மண்டபத்தில், பறை, கொம்பாங் என்ற மலாய்க் கைமுரசு, சீனர்களின் 24 பருவ முரசு, பரதம், கதை சொல்லல் எல்லாம் சேர்ந்த கலை இரவு நடத்துகிறோம். போன வருடம் பறை மந்தமாகக் கேட்டது. முரசு முடிந்து கதை தொடங்கியதும் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். இந்த முறை என்ன மாற்றலாம்?

பதில்: நிகழ்ச்சி வரிசையை மாற்றுங்கள். இனத்துக்கு ஒன்றாக முறை வைத்துப் பட்டியல் போட்டால் இரண்டு தவறும் திரும்ப நடக்கும். தோல் எப்போது முறுக்காக இருக்கும், காது எப்போது ஓயும் என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும்.

பறையைக் காய்ச்சியதும் வாசித்துவிட வேண்டும். நம் ஊர் இரவுக் காற்றின் ஈரத்தைத் தோல் வேகமாக இழுத்துக்கொள்ளும். காய்ச்சி வைத்துவிட்டு நான்கு பேர் பேச்சைக் கேட்டால் தோல் தொய்ந்து, 'டண்' என்று தெறிக்க வேண்டியது 'தொப்' என்று விழும். போன வருடம் நடந்தது பெரும்பாலும் இதுதான். பேச்சுகளை எல்லாம் முடித்துவிட்டுத் தீ மூட்டுங்கள். மண்டபத்துக்கு வெளியே, கூரையை விட்டுத் தள்ளி, காய்ந்த தென்னை ஓலையோ பழைய செய்தித்தாளோ போதும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். பறையைச் சுழற்றிக்கொண்டே காட்ட வேண்டும், சுவாலை தோலைத் தொடக்கூடாது. ஒரே இடத்தில் சூடேறினால் அங்கே சுருங்கிக் கிழியும். விரலால் தட்டி, ஓரத்திலும் நடுவிலும் ஒலி கணீரென்று வந்ததும் எடுத்துவிடலாம்.

அந்த நேரத்தை நிரப்பக் கொம்பாங் இருக்கிறது. மலாய்த் திருமணங்களில் மாப்பிள்ளையை வரவேற்கும் வாத்தியம் அது. வாசலிலிருந்து வாசித்தபடி 10 நிமிடம் உள்ளே வரட்டும். அதன் ஆட்டுத்தோலை முறுக்கத் தீ வேண்டாம். சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவில் 'செடாக்' என்ற பிரம்புத் துண்டைச் செருகுவார்கள். வாசித்து முடித்ததும் அதை உருவிவிட வேண்டும். அப்படியே விட்டால் தோல் நிரந்தரமாகத் தளர்ந்துவிடும். குழுவினர் அவசரத்தில் மறப்பார்கள், நீங்கள் நினைவூட்டலாம்.

அடுத்து பறை, 12 நிமிடம். பிறகு உடனே கதை வேண்டாம். உரத்த தோல் ஒலி கேட்ட காதுக்குச் சாதாரணக் குரல் கொஞ்ச நேரம் எட்டாது. நடுவில் பரதம் 8 நிமிடம், பாட்டைத் தாழ்வாக வைத்து. வெறும் சிமெண்டில் ஆடவிடாதீர்கள், முட்டி போய்விடும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஆறு பலகைகளை ரப்பர் பாய்மேல் விரித்தால் 16 அடிக்கு 12 அடி தளம் கிடைக்கும். இணைப்புகளில் டேப் ஒட்டுங்கள். கம்பளம் வேண்டாம், கால் தடுக்கும்.

கதைசொல்லியை மேடையில் ஏற்றாமல் பாயில் பிள்ளைகளோடு உட்காரவையுங்கள். தலையில் மாட்டும் மைக் கொடுத்தால் இரு கையும் நடிக்கக் கிடைக்கும். மூன்று மொழிக் கூட்டத்தில் வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கதை செத்துவிடும். சாங் கஞ்சில் என்ற சருகுமான் ஆற்றைக் கடந்த மலாய்க் கதை இதற்கு அருமையாகப் பொருந்தும். ராஜா விருந்து வைக்கப்போகிறார், உங்களை எண்ணச் சொன்னார் என்று சருகுமான் முதலைகளை வரிசையாக மிதக்கவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் தாவி அக்கரை சேருகிறது. முதல் தடவை 'சாத்து, டுவா, தீகா', அடுத்தது 'ஒன்று, இரண்டு, மூன்று', பிறகு 'ஈ, அர், சான்'. பிள்ளைகளே எண்ணட்டும். 12 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

24 பருவ முரசு கடைசியில். 1988-இல் ஜொகூர் பாருவிலேயே பிறந்த கலை இது. ஒவ்வொரு முரசிலும் சீன வேளாண் நாட்காட்டியின் ஒரு பருவத்தின் பெயர் எழுதியிருக்கும். அதை அறிவிப்பாளர் சொன்னால் நம் பிள்ளைகள் எழுத்தைத் தேடிப் பார்ப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே 24-உம் வேண்டாம், 6 அல்லது 8 போதும். கையை வீசி, தாவி அடிப்பார்கள். முரசுக்கு முரசு ஒன்றரை மீட்டராவது விடுங்கள்.

கடைசியில் மூன்று வாத்தியமும் சேர்வதாக இருந்தால் நான்கு எண்ணிக்கைத் தாளம் போதும். பெரிய முரசு துடிப்பை மட்டும் தாங்கட்டும். கொம்பாங் அடிகள் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பும் பின்னல். மேலே பறை அடுக்கினால் பின்னல் மறைந்துவிடும். நான்கு சுற்று கொம்பாங் குழுவுக்குத் தனியாகக் கொடுங்கள். ஒரு ஒத்திகையாவது கட்டாயம் வேண்டும்.

இஷா பாங்கு (முஸ்லிம்களின் இரவுத் தொழுகை அழைப்பு) நேரத்தை அன்றைய அட்டவணையில் பார்த்து, அதன் பிறகு தொடங்குங்கள். முன்பே தொடங்கியாக வேண்டுமென்றால் பாங்கு வேளையில் எல்லா வாத்தியமும் நிற்கட்டும். அந்த இடைவெளியில் பறையைக் காய்ச்சிக்கொள்ளலாம்.