கணினி கேள்வி பதில்: மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை, என்ன செய்யலாம் என்று இணையத்தில் கேட்டேன். பதினொரு பேர் பதினொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் ரௌட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

அந்தப் பதினொரு பேரும் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. 'இன்டர்நெட் வேலை செய்யவில்லை' என்ற வரியை ஆளாளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வைஃபையே சேரவில்லையா? சேர்ந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? ஒரு தளம் மட்டும் அடம் பிடிக்கிறதா? அதே வைஃபையில் உங்கள் கைப்பேசி ஓடுகிறதா? 'கைப்பேசியில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ரௌட்டரை மாற்றச் சொன்னவர் பேசாமல் இருந்திருப்பார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு பழைய மேசைக் கணினி இருந்தது. ஒருநாள் காலையில் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் தடுத்தது. நானும் உங்களைப் போலவே ஒற்றை வரியில் கேட்டேன். வைரஸ் என்றார்கள், பிரவுசரைக் கழற்றி மாட்டு என்றார்கள். எல்லாவற்றையும் செய்தேன். மூன்று நாள் போனது. நான்காம் நாள் முகம் தெரியாத ஒருவர் வந்து, தீர்வு எதுவும் சொல்லாமல், 'திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது?' என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன். பல ஆண்டுகள் பின்னால் போய், ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் நின்றிருந்தது.

ஒவ்வொரு தளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். பிரவுசர் அதை நம் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும். கடிகாரம் பின்னால் இருந்தால், 'இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ்' என்று தள்ளிவிடும். கடிகாரம் ஏன் பின்னால் போனது? கணினியின் உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் ஒரு நாணயம் அளவுக்கு சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்திருந்தது. நான் தினமும் இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவேன். அதனால்தான் தேதி காலையில் மட்டும் மாறிப்போனது. முதலிலேயே காரணத்தைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய விவரம் அந்தச் சுவிட்ச்தான். அதற்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

ஆகவே உங்கள் கேள்வியை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: 'விண்டோஸ் 11 மடிக்கணினி. நேற்று மாலை வரை சரியாக இருந்தது. இரவில் ஒரு அப்டேட் வந்தது. காலையிலிருந்து வைஃபை சேர்ந்திருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் கைப்பேசி ஓடுகிறது. ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன், மாற்றம் இல்லை. பிழைச் செய்தியின் படம் இணைத்திருக்கிறேன்.' பிழைச் செய்தியை உங்கள் சொற்களில் சொல்ல வேண்டாம். எழுத்து எழுத்தாக அப்படியே எழுதுங்கள், அல்லது படம் பிடித்துப் போடுங்கள்.

இன்னும் ஒன்று. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ஐபிவி4 முகவரி என்று ஓர் எண் இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைச் சொன்னால் விவரம் தெரிந்தவர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

சரி, யார் சொல்வதைக் கேட்பது? தீர்வு சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பவரை நான் முதலில் நம்புவேன். அப்புறம், ஏன் என்று காரணம் சொல்பவரை. செய்து பார்த்துவிட்டுப் பழையபடி திருப்ப முடிகிற யோசனைகளை முதலில் செய்யுங்கள். விண்டோஸை அழித்துப் போடுவது கடைசி வழி.

பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் 6 ஜிபி வீடியோ ஒன்றை ஏற்ற முடியவில்லை, கோப்பு மிகப் பெரியது என்கிறது. டிரைவ் கெட்டுவிட்டதா?
– கல்லூரி மாணவர்

கெடவில்லை. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அந்த முறையில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும், மறக்க வேண்டாம். டிவியில் செருகிப் பார்ப்பதற்கென்றால் அந்த டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முதலில் பாருங்கள். பழையவை சில படிக்காது.

கணினி மெதுவாக இருக்கிறது என்று பொதுவில் கேட்டிருந்தேன். ஒருவர் தனிச்செய்தியில் வந்து உதவுவதாகச் சொன்னார். தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்லி, உள்ளே வந்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான பிழைகளைக் காட்டினார். எல்லாம் வைரஸ், நீக்கப் பணம் ஆகும் என்றார். பயந்து இணைப்பைத் துண்டித்துவிட்டேன். இனி என்ன செய்வது?
– வாசகி ஒருவர், பெயர் வேண்டாம் என்கிறார்

துண்டித்தது மிகச் சரி. முதலில் இதைக் கேளுங்கள்: அந்தச் சிவப்பு, மஞ்சள் குறிகள் நோய் இல்லாத கணினியிலும் இருக்கும். ஏதாவது ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட விண்டோஸ் அங்கே குறித்து வைக்கும். என் கணினியில் இப்போது திறந்தாலும் இருக்கிறது. அதைக் காட்டிப் பயமுறுத்துவது இந்த ஏமாற்றுக்காரர்களின் பழைய வழி.

இப்போது செய்ய வேண்டியது: கணினியை இணையத்திலிருந்து விலக்கி வையுங்கள். அவர் போடச் சொன்ன மென்பொருளை நீக்குங்கள். அவர் இருந்த நேரத்தில் வேறு ஏதாவது புதிதாக நிறுவப்பட்டதா என்று, செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலைத் தேதி வரிசையில் போட்டுப் பாருங்கள். கைப்பேசி போன்ற வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டையும், அடுத்து வங்கி பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மின்னஞ்சல் ஏன் முதலில் என்றால், மற்ற எல்லாப் பாஸ்வேர்டுகளையும் அதை வைத்தே மாற்றிவிடலாம். அவர் இருந்தபோது வங்கித் தளத்தைத் திறந்திருந்தால், அட்டை எண்ணைச் சொல்லியிருந்தால், வங்கியிடம் இன்றே சொல்லுங்கள். பிறகு கணினியை முழுமையாக வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். கொஞ்சமாவது சந்தேகம் மிஞ்சினால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும், கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதை நான் ஆதரிக்கிறேன்.

கேட்டதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பொதுவில் கேட்டால் பதிலும் பொதுவில்தான் வர வேண்டும். ஒருவர் தப்பான கட்டளை எழுதினால் பத்துப் பேர் பார்த்து, 'அதைச் செய்யாதீர்கள்' என்று சொல்ல அங்கேதான் வழி இருக்கிறது. தனியே கூப்பிடுபவர் அந்தப் பத்துப் பேரையும் உங்களிடமிருந்து பிரிக்கிறார்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து சில நேரம் 'டக் டக்' என்று சத்தம். கோப்பைத் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. டிஃபிராக் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்ப்பவர்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இன்று எதையும் சரிசெய்ய முயல வேண்டாம். முதலில் நகல் எடுங்கள். டிஃபிராக் என்பது டிஸ்க் முழுவதையும் ஓடவிட்டுப் புரட்டுகிற வேலை. சாகக் கிடக்கும் டிஸ்க் அதைத் தாங்காது. வேறொரு டிஸ்க்கை இணைத்து, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், கணக்குக் கோப்புகள். விண்டோஸ் ஃபோல்டரை விடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு கோப்பு சிக்கினால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாம் எடுத்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை அது காட்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தாலோ, 'கரண்ட் பெண்டிங் செக்டார்' வரியின் கடைசியில் சுழியம் தவிர வேறு எண் இருந்தாலோ, அந்த டிஸ்க்கில் இனி எதையும் நம்பி வைக்காதீர்கள். புதிதாக வாங்கும்போது எஸ்எஸ்டி வாங்குங்கள். சுழலும் தட்டு இல்லாததால் வேகம் கூடுவது முதல் நாளே தெரியும்.

அப்பா 1990களில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரைகள் குறுந்தட்டில் கிடைத்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறது. அழிந்துவிட்டதா?
– மென்பொருள் துறையில் இல்லாத ஒரு மகள்

ஓர் எழுத்துகூட அழியவில்லை. அரைப்புள்ளி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவாக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில்தான் இருக்கும். விண்டோஸில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000-இல்தான் வந்தன. அதற்கு முன் ஆளாளுக்கு ஓர் எழுத்துரு, ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தது.

கோப்பைத் திறந்து, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதவ நிறையப் பேர் இருக்கிறார்கள். யூனிகோடு மாற்றிகளில் சரியான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். கட்டுரையின் நடுவே அப்பா ஆங்கிலச் சொல் ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் பொருளில்லாத தமிழாக மாறிவிடும். அந்த இடங்களை மூலத்தோடு வைத்துக் கையால் திருத்த வேண்டும். மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம்.

பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் வருவதற்குள் நானே கண்டுபிடித்துவிட்டேன். ரௌட்டரை அணைத்துப் போட்டதில் பிரிண்டரின் ஐபி முகவரி மாறியிருந்தது, கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தது. கேள்வியை நீக்கிவிடலாமா?
– பள்ளி மாணவி

நீக்கிவிடாதே அம்மா. அதன் கீழேயே இப்போது எனக்கு எழுதியதை எழுது. 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களால் அதே சிக்கலோடு பின்னால் வருபவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. புது முகவரியை எங்கே பார்த்தாய், விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் எந்தப் பக்கத்தில் மாற்றினாய் என்பதையும் சேர்த்து எழுது. ரௌட்டரின் அமைப்பில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால் அடுத்த முறை அணைத்துப் போடும்போது மாறாது. அதையும் செய்து பார்த்துவிட்டு, நின்றதா இல்லையா என்று அதே இடத்தில் இன்னொரு வரி போடு.