ஸ்டேட்டின் மாத்திரையும் கால்வலியும்: தங்கள் தாயார் குறித்த கேள்விக்குப் பதில்

வணக்கம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்த தங்கள் தாயார், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாட்டின் தொடங்கியபின் கால்வலி வந்ததால் தாமாகவே அதை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்திய செய்தியை முதலில் இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒருமுறை அடைப்பு வந்தவருக்கு மறுபடியும் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கும் மருந்து அது.

வலியைப் பொறுத்தவரை, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வு கவனிக்கத்தக்கது. பக்கவிளைவால் ஸ்டேட்டினைக் கைவிட்டிருந்த 60 பேருக்கு மாதத்துக்கு ஒன்றாக 12 புட்டிகள் கொடுத்தார்கள்: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கில் மருந்தில்லாத போலி மாத்திரை, மீதி நான்கும் வெறும் புட்டி. தொந்தரவின் அளவை அவர்கள் நாள்தோறும் கைபேசியில் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகப் பதிந்ததில், மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8, போலி மாத்திரையில் 15.4, உண்மை மாத்திரையில் 16.3 என்று வந்தது. வலி பொய்யல்ல (மனப்பிரமை என்று சொன்னால் எந்தத் தாயும் கோபித்துக்கொள்வார்). ஆனால் அதில் பெரும்பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்தே வந்திருக்கிறது. தத்தம் முடிவுகளைப் பார்த்தபின் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள்.

எனினும் தசை உண்மையாகவே பாதிக்கப்படுவதும் அரிதாக உண்டு. கடும் தசைவலி, தளர்ச்சி, சிறுநீர் கறுத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லையெனில் சி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு பரிசோதனைகள் தேவையா, அளவைக் குறைத்தோ ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறொரு ஸ்டேட்டினுக்கு மாற்றியோ பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இக்குழப்பத்தில், ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்கத் தரப்பட்ட ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.